மேகாற்றும் ஈரக் காகிதமும்

நீர்வண்ணம் கற்றுத்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் ஈரமான நாடுகளில் எழுதப்பட்டவை. இங்கிலாந்தில் வானத்துக்கு ஒரு வாஷ் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் காகிதம் பளபளவென்றே இருக்கும். அந்தக் கணக்கை நம்பி ஆடி மாதத்தில் பல்லடம் பக்கம் உட்கார்ந்து பாருங்கள். வானத்தின் இடது மூலையில் ஆரம்பித்த நீலம் வலது மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இடப்பக்கம் காய்ந்து, நடுவில் கோடு விழுந்திருக்கும். புதிதாக வரைய வருகிறவர்கள் இதைத் தங்கள் கையின் குறை என்று எண்ணித் தூரிகையை ஏறக்கட்டிவிடுகிறார்கள். குறை பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே, 30-40 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளத்தில் இறக்கிவிட்டு, வேகம் மட்டும் குறையாமல் அந்த வழியாக நம் கொங்குப் பக்கம் மேகாற்றாக நுழைகிறது. அதனால்தான் கோவையின் ஆண்டு மழை 600-700 மில்லிமீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. அதிலும் கனத்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இங்கே பருவத்தை இலையின் நிறத்தில் தேடிப் பயனில்லை. தென்னையும் வேம்பும் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பச்சையில் நிற்கும். மாறுவது காற்று, அதன் ஈரம், மண்ணின் நிறம், வெயிலின் சாய்வு. உங்கள் காகிதத்தைக் காயவைப்பதும் அதே காற்றுதான். ஆகவே ஒவ்வொரு பருவமும் எந்த முறையில் தன்னை வரையவேண்டும் என்பதைக் காகிதம் காய்கிற வேகத்திலேயே சொல்லிவிடுகிறது. இந்த அத்தியாயம் அதைச் சுற்றித்தான்.

போன இடத்தில் முதல் வேலை காட்சியைத் தேர்ந்தெடுப்பது அல்ல. வரையப்போகும் காகிதத்தின் துண்டு ஒன்றில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் தடவி, சாய்த்துப் பிடித்து, மினுமினுப்பு எப்போது மங்குகிறது என்று பாருங்கள். கார்த்திகைக் காலையில் ஐந்தாறு நிமிடம் தாங்கும் காகிதம், ஆடி மதியத்தில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்திருக்கும் நேரம் அவ்வளவுதான். படத்தின் அளவு, வாஷின் அகலம், தூரிகையின் பருமன் எல்லாவற்றையும் அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

காகிதம் பருத்தியாக இருக்கட்டும், 300 ஜி.எஸ்.எம். தடிமன். மரக்கூழ்க் காகிதம் நம் வெயிலில் தண்ணீரை உடனே விட்டுவிடும், பருத்தி சற்று நேரம் வைத்திருக்கும். கைவேலைக் காகிதம் பிடிக்கும் என்றால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக் காகிதத்தை முயன்று பாருங்கள். இந்தியாவில் செய்யப்படும் கைவேலைக் காகிதத்துக்குப் பெரும்பாலும் மூலப்பொருள் பனியன் கம்பெனிகள் கழித்துப்போடும் வெட்டுத்துணி போன்ற பருத்திக் கழிவுதான் என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கும். வாங்குமுன் பசைச்சத்து ஏற்றிய காகிதமா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வண்ணம் மேலே நிற்காமல் உள்ளே இறங்கி மங்கிவிடும்.

வண்ணம் எட்டு போதும்: அல்ட்ராமரின் நீலம், கோபால்ட் நீலம், செரூலியன், யெல்லோ ஓக்கர், காம்போஜ், லைட் ரெட், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர். இதில் சாப் கிரீன் இல்லை. ட்யூபிலிருந்து நேராக வரும் பச்சை எல்லா மரத்தையும் ஒரே மரமாக்கிவிடும். தென்னையோலை வானத்தை வாங்கித் திருப்பித் தருவது, அதில் செரூலியன் வேண்டும். பனையோலையில் சாம்பல் கலந்த நீலம். வேம்புக்குக் காம்போஜும் அல்ட்ராமரினும் கலந்து, ஒரு சொட்டு பர்ன்ட் சியன்னா.

தண்ணீரையும் கவனியுங்கள். கொங்கில் பல ஊர்களின் போர்வெல் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள உப்புகள் வண்ணத்துகளைத் திரள வைக்கும், வாஷ் சீராக ஓடாது. கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது. மற்றவர்கள் வீட்டிலிருந்து நல்ல தண்ணீராக ஒரு பாட்டில் எடுத்துப் போங்கள். குடை கறுப்பாக இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழே உட்கார்ந்தால் காகிதமே சிவப்பாகத் தெரியும்.

ஐப்பசியில் தொடங்குங்கள்

கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கோடை விடுமுறைதான் வசதி. நிலத்துக்கு அது வசதியில்லை. என்னைக் கேட்டால் ஐப்பசி பிறந்த பிறகு தூரிகையை எடுங்கள். காற்று அடங்கியிருக்கும். மழை பெரும்பாலும் மாலையில் இடியோடு வந்து போகும், மறுநாள் காலை கழுவிவிட்ட மாதிரி இருக்கும். காற்றில் ஈரம் இருப்பதால் காகிதம் உங்களுக்காகக் காத்திருக்கும். ஈரத்தின் மேலேயே வண்ணத்தை விட்டுப் பரவவைக்கும் முறையைப் பழக இதைவிட நல்ல மாதம் கிடையாது.

இந்த மாதத்தில் பார்க்கவேண்டியது மானாவாரிக் காடு. நம் பக்கத்தில் காடு என்றால் விதைக்கிற புன்செய்தான், வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்துக்கு வந்திருக்கும். உடுமலை, பல்லடம் பக்கத்துக் கரிசல் நனைந்து கறுத்திருக்கும். கரிசலுக்குக் கறுப்பு வண்ணத்தைத் தொடாதீர்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் கெட்டியாகக் கலந்து ஈரக் காகிதத்தில் விடுங்கள். அல்ட்ராமரினின் துகள்கள் ஒன்றோடொன்று திரளும். காகிதத்தின் குழிகளில் தங்கிப் பொரிப்பொரியாக நிற்கும். கரிசலின் மேல்தோல் அப்படியே கிடைத்துவிடும். செம்மண்ணுக்கு லைட் ரெட்டில் கொஞ்சம் ஓக்கர், ஈரமான இடத்தில் மட்டும் பர்ன்ட் சியன்னா.

இட்டேரி வரைய ஆசைப்படுகிறவர்களுக்கும் இதுதான் காலம். இருபக்கமும் கிளுவை வேலி தழைத்து, நடுவில் வண்டித்தடம் மட்டும் சிவந்து தெரியும். முள்கிளுவை கோடையில் இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும் செடி. ஆகவே காங்கயம், தாராபுரம் பக்கத்து வேலியைப் பார்த்தே மாதம் சொல்லிவிடலாம். இட்டேரிப் படங்களில் வழக்கமாக வரும் கோளாறு வேலிக்குள் ஒவ்வொரு இலையாகப் போடுவது. மேல் விளிம்பை மட்டும் உலர்ந்த தூரிகையால் உடைத்துவிட்டு, உட்புறம் முழுவதையும் ஒரே ஈரத்தில் நிழலாக விடுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: காகிதக்கட்டைப் பாலித்தீன் பையில் இறுக்கி வைக்காதீர்கள். பூஞ்சை பிடித்தால் காகிதத்தின் பசைச்சத்து போய்விடும். மேலே ஒன்றும் தெரியாது. வாஷ் போடும்போதுதான் திட்டுத்திட்டாக உறிஞ்சும்.

மலை எந்தத் திசையில் இருக்கிறது?

கோவையில் வளர்ந்தவருக்கு மலை என்றாலே மேற்கு. மருதமலையும் வெள்ளியங்கிரியும் அங்கேதான். விடிந்ததும் வெயில் நேராக முகத்தில் விழுவதால் அந்த மலைகள் நிறத்தோடு இருந்தாலும் தட்டையாகத் தெரியும். மடிப்புகள் துலங்க ஒன்பது, பத்து மணி ஆகவேண்டும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், மிஞ்சுவது வெட்டியெடுத்த நிழலுருவம். அழகுதான், ஆனால் ஒரே வாஷில் முடிந்துவிடுகிற அழகு.

பொள்ளாச்சிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனைமலை அவர்களுக்குத் தெற்கே. காலையில் இடப்பக்கமிருந்தும் மாலையில் வலப்பக்கமிருந்தும் வெயில் சாய்வாக விழும், மடிப்பு மடிப்பாக மலை திறந்துகொள்ளும். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடுவதால் நம்மை நோக்கியிருக்கும் வடக்குச் சரிவு நாளின் பெரும்பகுதி நிழலிலேயே நீலமாகக் கிடக்கும். ஆனியில் சூரியன் நம் தலைக்கு வடக்கே வந்துவிடும். மேகம் விலகினால் அதே சரிவில் வெயில் பட்டு மரம்கூடத் தெரியும். ஆழியாறு பக்கம் ஒரே இடத்தில் இந்த இரண்டு மாதங்களிலும் உட்கார்ந்து வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேறு வேறு மலை என்றுதான் பார்ப்பவர்கள் சொல்வார்கள்.

தூரத்து நீலத்துக்கு மழை விட்ட மறுநாள் கோபால்டில் துளி லைட் ரெட் போதும், மலை கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கும். பங்குனியில் தூசு மூடியபிறகு மலையும் வானமும் ஏறத்தாழ ஒரே அழுத்தம். அப்போது மலையை நீலமாகப் போட்டால் அது பொய். செரூலியனில் ஓக்கர் கலந்து, வானத்தைவிட ஒரு மாற்று மட்டும் அழுத்தி நிறுத்துங்கள்.

அடிவாரத்துக்குப் போகிறவர்களுக்கு: சாடிவயல், நரசீபுரம், தடாகம், மருதமலை அடிவாரம் எல்லாம் யானை வரும் இடங்கள். விடிகாலையும் அந்தியும்தான் ஒளி நன்றாக இருக்கும். யானைக்கும் அதே நேரம்தான் பிடிக்கும். வெயில் ஏறியபிறகு போய், மாலைக்குள் திரும்பிவிடுங்கள். வனத்துறையின் எல்லைக்குள் அனுமதியில்லாமல் கால்வைக்க வேண்டாம்.

மார்கழி, தை

காலைப் பனியில் படம் பாதி தானே அமைந்துவிடும். முன்னால் ஒரு சாளை (தோட்டத்து வீடு), அதன்பின் தென்னை வரிசை, அதற்குப் பின்னால் வெறும் சாம்பல். மூன்று வாஷ், ஒவ்வொன்றும் முந்தையது காய்ந்தபின். இந்தக் காலத்தில் காகிதம் நடுத்தரமாகக் காயும், அடுக்கடுக்காக மெல்லிய வண்ணம் ஏற்றுவதற்குப் பொருத்தம். வெயில் ஏறினால் பனி விலகிவிடும். ஆகவே பின்னணியை முதலில் முடியுங்கள், முன்னால் இருப்பது ஓடிப்போகாது.

தை பிறந்தால் மஞ்சள் நிறம் மூன்று இடங்களில் வரும். ஈரோட்டுப் பக்கம், 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய மஞ்சள் காடுகளில் இலை பழுத்துச் சாயத் தொடங்கும். அது ஓக்கர், பச்சையின் நினைவு கொஞ்சம் மிச்சமிருக்கும் ஓக்கர். அறுவடையான சோளத்தட்டுப் போர்கள் இன்னும் வெளிறியவை. வெயில் படும் பக்கத்தில் காகிதத்தின் வெள்ளையையே விட்டுவிடலாம். மூன்றாவது ஆவாரம்பூ. பொங்கல் காப்புக்கட்டுக்குப் பறித்தது போக மிச்சம் கரட்டிலும் பள்ளத்தோரத்திலும் பூத்துக் கிடக்கும், அதற்கு மட்டும் கலப்பில்லாத காம்போஜ். இந்த மூன்றுக்கும் ஒரே மஞ்சளைப் போட்டால் தை மாதம் படத்தில் வராது.

சித்திரைக்கு முன்னும் பின்னும்

மாசியில் புங்கன் இலையை உதிர்த்துப் பங்குனியில் இளம்பச்சையாகத் துளிர்க்கும். வேம்பின் கொழுந்து செம்பு நிறத்தில் வரும். இலையில் பருவம் பார்த்தே தீரவேண்டும் என்பவர்களுக்கு இந்தச் சில வாரங்கள்தான் சலுகை.

சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் கோவைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். பொருளுக்கு உருவம் தருவது நிழல் என்பதால், பத்து மணிக்குமேல் வரைய ஒன்றும் இருக்காது. காலை ஆறரை முதல் எட்டரை வரை, அல்லது மாலை நாலரைக்குமேல். இந்தப் பருவத்தில் நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் கூராக இருக்கும். காகிதமும் மளமளவென்று காய்கிறது. அதனால் காய்ந்த காகிதத்தில் நேராக நிழலைப் போட்டு, விளிம்பை அப்படியே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் இந்தக் கூர்விளிம்பைப் பெறப் பொறுமையோடு காத்திருக்கவேண்டியிருந்தது. இப்போது கேட்காமலே கிடைக்கிறது.

காங்கயத்துக் கொரங்காடு வரைய நான் கோடையைத்தான் சொல்வேன். கிளுவை வேலி சுற்றிய மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப்புல் காய்ந்து வெளுத்து, ஊடே வெள்வேல மரங்கள் தள்ளித்தள்ளி நிற்கும். பச்சை என்று அநேகமாக ஒன்றும் இல்லை. இந்த நிலத்தை நம் ஆட்களே வரையத் தயங்குகிறார்கள். காலண்டர் படங்கள் வாய்க்காலும் வயலுமாகக் கோபிசெட்டிபாளையத்தையே காட்டிக் காட்டி, பச்சை இருந்தால்தான் நிலக்காட்சி என்று பழக்கிவிட்டன. சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் கோவையில் பிறந்தவர் (1911). இளமையில் நிலக்காட்சிகளால் பெயர் பெற்றவர். அவருக்கு வண்ணத்தைக் கற்றுக்கொடுத்தது கேரளத்துப் பச்சை என்பார்கள். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பச்சைக்கு அப்படிப்பட்ட ஓவியர்கள் வாய்த்தார்கள். இந்தப் பக்கத்து வெளுப்புக்கு இன்னும் ஆள் வரவேண்டியிருக்கிறது.

முறை இது. காகிதம் முழுவதும் நீர்த்த ஓக்கர் ஒரு வாஷ், காளைகளின் முதுகை மட்டும் வெள்ளையாக விட்டு. காய்ந்ததும் வேலியும் மரநிழலும் சாம்பல் ஊதாவில். வானத்தில் நீலம் வேண்டாம், சித்திரை வானம் வெளிறிய சாம்பல்தான். காங்கயம் காளை ஒரே வெள்ளை இல்லை: திமிலும் கழுத்தும் கறுத்திருக்கும், கன்றுகள் செம்பழுப்பாகப் பிறந்து வளர வளரச் சாம்பலாகும். அல்ட்ராமரினும் பர்ன்ட் அம்பரும் தண்ணீராகக் கலந்த சாம்பலை வெள்ளையாக விட்ட இடத்தில் வயிற்றுப்பக்கம் வைத்து, திமிலில் மட்டும் அழுத்துங்கள்.

வெயிலில் காகிதம் காய்வதைத் தள்ளிப்போட ஒரு வழி: காகிதத்தை இருபுறமும் நன்றாக நனைத்து ஒரு அக்ரிலிக் பலகைமேல் ஒட்டிவிடுங்கள். அடிப்பக்கம் ஈரத்தை வைத்திருக்கும். வண்ணத் தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின் விடுவதும் உதவும். அதிகமானால் படம் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். மாஸ்கிங் திரவத்தை வெளியில் எடுத்துப்போகவே வேண்டாம். சூட்டில் அது இறுகிக் காகிதத்தோடு உரிந்து வரும்.

ஆட்கள்

தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து கரட்டையும் காட்டையும் மாறிமாறிப் பார்த்துக் கோடு போடுகிறவரை இந்தப் பக்கத்தில் யாரும் ஓவியர் என்று முதலில் நினைப்பதில்லை. கெயில் குழாய்க்கும் உயர்மின் கோபுரத்துக்கும் நிலத்தை அளந்த நாட்கள் யாருக்கும் மறக்கவில்லை. "ஏனுங் தம்பி, காட்ட அளக்க வந்தீங்ளா?" என்று ஒரு பெரியவர் கேட்டால் அதில் விளையாட்டு பாதிதான். "இல்லீங்கய்யா, படம் வரையறனுங்" என்று எழுந்து நின்று சொல்லி, நோட்டைத் திறந்து காட்டிவிடுங்கள். முதலிலேயே சாளையில் போய்க் கேட்டுவிட்டு உட்காருவது இன்னும் நல்லது. அநேகமாக மோர் வரும், கூடவே எந்த மரத்தடியில் மதியம்வரை நிழல் நிற்கும் என்ற தகவலும் வரும். ஓவியருக்கு மோரைவிட அது முக்கியம்.

நேரில் உட்கார்ந்து வரைவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. நாமக்கல்லில் 1919இல் பிறந்த சில்பி, ஆனந்த விகடனுக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களின் எதிரிலேயே அமர்ந்து வரைந்தவர்.

ஆடி

கடினமான மாதம் இது. மேகாற்று பலகையைத் தூக்கும், தூரிகை நுனியைக் காயவைக்கும், ஈர வாஷில் மண்ணைத் தூவும். காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்து வரையலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இல்லையென்றால் ஏதாவது சுவருக்குக் கிழக்கே ஒதுங்குங்கள். காகிதத்தை நான்கு பக்கமும் டேப் ஒட்டிக் கிளிப் போடுங்கள். குடை பறந்துவிடும், வேண்டாம். அளவு அஞ்சலட்டை இரண்டு சேர்ந்த அகலத்தைத் தாண்டவே கூடாது.

வானத்தை ஒரே வாஷாகப் போட முயல்வதுதான் ஆடியில் செய்யக்கூடாதது. மேலே பாருங்கள், அந்த வானம் ஒன்றாக இல்லை. மேகங்கள் பிய்ந்து பிய்ந்து மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. ஒவ்வொரு மேகத்துக்கும் விளிம்பு உண்டு, அந்த விளிம்புகளில் வாஷை நிறுத்தலாம். நடுவில் தெரியும் நீலத்துண்டுகளைத் தனித்தனியாக, கோபால்டில், சட்சட்டென்று போட்டு முடியுங்கள். காய்ந்து விழும் கோடு இந்த மாதத்தில் பிழையாகாது, மேகத்தின் கரையாகிவிடும். மேகத்தின் அடிவயிற்றுக்கு மட்டும் சாம்பல். கீழே நிலத்தில் அதே மேகங்களின் நிழல் நகரும், அதைத் துரத்தாதீர்கள். ஆரம்பத்திலேயே எந்தப் பட்டை இருட்டு, எந்தப் பட்டை வெளிச்சம் என்று பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு நிலம் என்ன செய்தாலும் மாற்றாதீர்கள்.

இந்த மாதத்தில் நொய்யலையும் பாருங்கள். கோவையில் தூறலுக்குமேல் ஒன்றும் இருக்காது, ஆனால் வெள்ளியங்கிரியில் பெய்தது பேரூருக்கு வந்து சேர்ந்திருக்கும். காய்ந்த கரை, நடுவில் பால் குறைத்துப் போட்ட டீ நிறத்தில் புதுத்தண்ணீர். அதன்பின் குளங்கள் ஒவ்வொன்றாக நிறையும். உக்கடம் பெரியகுளத்தில் தண்ணீர் இருந்தும் பிரதிபலிப்பு இருக்காது. காற்று நீரைக் கலைத்துக்கொண்டே இருக்கும். கரையிலிருக்கும் கட்டடங்களைத் தலைகீழாக வரைந்தால் அது தை மாதமாகிவிடும். உலர்ந்த தூரிகையைக் கிடையாக இழுத்துக் காகிதத்தின் வெள்ளையைப் பொட்டுப்பொட்டாக விடுவதே ஆடித் தண்ணீர்.

கடைசியாகக் காற்றாலைகள். உடுமலையிலிருந்து பல்லடம்வரை அவற்றைத் தவிர்த்து வரைய இடமே இல்லை, தவிர்க்கவும் வேண்டாம். ஆடியில் எல்லாம் மேற்கு நோக்கி நிற்கும். படத்தில் ஒன்று மேற்கேயும் ஒன்று தெற்கேயும் பார்த்தால், பார்க்கிற விவசாயி உடனே பிடித்துவிடுவார். கம்பத்தை வானம் காய்வதற்கு முன்பே ஈரத்தை ஒற்றியெடுத்து வெளிறலாக வாங்குங்கள். மூன்று இறக்கைகளையும் அழுத்தமாக வரைந்தால் காற்றாலை நின்றுவிட்டதாகத் தெரியும். ஒன்றை மட்டும் தெளிவாகப் போட்டு, மற்ற இரண்டையும் காய்வதற்குள் நனைந்த தூரிகையால் சுழலும் திசையில் இழுத்துவிடுங்கள். அதற்கு உங்களுக்கு முக்கால் நிமிடம் இருக்கிறது.